நீலமாகவே இருந்திருக்க வேண்டிய குழாய்

1984இல் ஏற்காட்டுப் பள்ளியொன்றின் பணிப்பதிவேட்டில் கண்ணாயியைப் பற்றி இப்படி எழுதியிருந்தது: 'ஆய்வக உதவியாளர். நெருப்பு, அமிலம் முதலியவற்றை அச்சமின்றிக் கையாள்பவர். அறிவியல் அறிவு தேவையில்லை.'

கண்ணாயி கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைப்பாள். "தீக்குச்சிதான் உன்னைக் கண்டு பயந்து அணைஞ்சு போகுது" என்பார் அறிவியல் ஆசிரியர் ஐயாக்கண்ணு.

அந்த வாரம் உணவிலுள்ள சர்க்கரை பற்றிய பாடம். சோதனைக் குழாயில் பலாச்சாற்றோடு நீலக் கரைசலைச் சேர்த்துக் காய்ச்சினால் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"எதுல சக்கரை இருந்தாலும் செவக்குங்களா சார்?"

"எதுல இருந்தாலும் காட்டிக் கொடுத்துரும் கண்ணாயி."

அவளுக்குத் தன் மகளின் நினைவு வந்தது. ஒன்பது வயதுப் பார்வதி ஒரு மாதமாகச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறாள். பாவாடை இடுப்பில் நிற்பதில்லை. பயந்த கோளாறு என்று வெள்ளக்கடை ஊரில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஆனால் பிள்ளை ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்தவள் கண்ணாயி. சர்க்கரை வியாதி எஸ்டேட்டில் உட்கார்ந்து கணக்கெழுதுகிற ரைட்டருக்கு வரும், சாமைக்கஞ்சி குடிக்கிற ஊட்டுக்கு எப்படி வரும் என்று தன்னைத் தேற்றிப் பார்த்தாள். தேறவில்லை.

மறுநாள் பள்ளி திறக்குமுன் பார்வதியை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு, அவள் சிறுநீரைப் பிடித்து முந்தானையில் ஒளித்த மருந்துப் புட்டியோடு ஆய்வகத்துக்குள் போனாள். பிடிபட்டால் வேலை போய்விடும். கண்ணைத் திறந்துகொண்டே விளக்கை ஏற்றி, புட்டியிலிருந்ததை நீலக் கரைசலோடு குழாயில் விட்டுக் காய்ச்சினாள். நீலமாவே இரு சாமி, நீலமாவே இரு.

பச்சை. மஞ்சள். செங்கல்.

நேற்று குழாயைச் சரியாகக் கழுவவில்லையோ? பலாச்சாறு ஒட்டியிருந்ததோ? தன் வேலை மோசமாக இருக்கவேண்டுமென்று முதல்முறையாக ஆசைப்பட்டாள். நேற்று அதே சாறு ஊற்றி, அதே கையால் கழுவிய இன்னொரு குழாயை எடுத்து, தன் சிறுநீரை விட்டுக் காய்ச்சினாள். அது நீலமாகவே நின்றது.

"விளக்கை யாரு பத்தவச்சது?" ஐயாக்கண்ணு வாசலில் நின்றார்.

"நாந்தானுங்க. செவப்பு எம்புள்ளைதுங்க."

"குழாய் கழுவாம இருந்திருக்கும்."

"அதுக்குத்தானுங்க சார் பக்கத்துல என்னுது வச்சிருக்கேன்."

அவர் இரண்டு குழாய்களையும் பார்த்தார். இந்த முறை கேலி வரவில்லை.

"அம்மா, தண்ணி" என்று வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

கண்ணாயி விடுப்பு எழுதிக்கொடுக்கவில்லை, குழாய்களைக் கழுவவுமில்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு முதலில் வந்த பஸ்ஸில் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள்.