புகை வாடையும் தக்காளி மூடாக்கும்

கண்டாச்சிபுரம் பக்கம் எங்கள் நிலம் தாழ்வானது. மழைத் தண்ணீர் வடியாததால், கார்த்திகையில் நட வேண்டிய தக்காளியைச் சில ஆண்டுகளுக்கு முன்பு மாசியில்தான் நட்டேன். வெயிலில் மண் காய்ந்து பூ உதிரக் கூடாதே என்று, திண்டிவனம் பக்கமிருந்து கரும்பின் காய்ந்த இலையான சோகையை வண்டியில் ஏற்றிவந்து செடிகளைச் சுற்றி மூடாக்கு போட்டேன். ஈரம் நின்றது. பூவும் பிடித்தது.

எங்கள் பக்கமும் கரும்பு வெட்டு நெருங்குகிறது என்பதை மறந்துவிட்டேன். அடுத்த நிலத்து ஏழுமலை அண்ணன் வெட்டு முடித்து, வழக்கம்போலச் சோகையைக் கொளுத்தினார். புகை வாடை வந்ததுமே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வரப்புக்கு ஓடினேன்.

"காத்து அந்தாண்டதான் போவுது. நீ ஏம்மா பேஜாராவுற?" என்றார்.

அவர் வாய் மூடுவதற்குள் காற்று திரும்பியது. பறந்துவந்த ஒரு பொறி என் ஓர வரிசையில் விழுந்து பற்றிக்கொண்டது. மோட்டார் போட்டால் கரண்ட் இல்லை. "அண்ணே, ஜல்தி வாங்க!" என்று கத்தியபடியே பக்கத்து வரிசைச் சோகையை இரு கையாலும் வாரி அப்பால் எறிந்தேன். அவர் ஓடிவந்து மண்ணை வெட்டிப் போட்டு அணைத்தார். ஒரு வரிசை கருகியதோடு தப்பித்தோம்.

இப்போதெல்லாம் அவர் வெட்டு எப்போது என்று கேட்டுக்கொண்டுதான் நாற்றுவிடுகிறேன். வெட்டு முடிந்த அன்றே வண்டியோடு போய் நிற்கிறேன்.

"கொளுத்த எனக்கு ஒண்ணும் வைக்க மாட்டியா?" என்று சிரிக்கிறார்.

வைப்பதில்லை. அவர் சோகை மொத்தமும் என் தக்காளிக்கு அடியில் கிடக்கிறது.