குட்டி தொலைந்த இடத்தில் ஒரு பள்ளம்

எங்கள் சேனலைப் பார்ப்பவர்களில் பெரும்பாலானோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலருக்கு இன்னும் பேச்சே திருந்தவில்லை. எல்லாம் இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளைகள். அவர்களுக்காக நானும் என் வீட்டுக்காரரும் அன்னவாசலில், எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து ஒரு வெள்ளாட்டுக் குட்டியைப் பேச வைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் படம் வரைந்து அசைய வைப்பார். நான் கதை எழுதிக் குரல் கொடுப்பேன்.

அதற்கு முன் நான் ஒரு நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். கொரோனாவில் பூட்டிய பள்ளி பிறகு திறக்கவே இல்லை. அவருடைய ஃபிளக்ஸ் கடையும் அப்போது படுத்துவிட்டது. காதுகுத்து இல்லை, கல்யாணம் இல்லை, யார் பேனர் வைப்பார்கள்? கம்ப்யூட்டர் சும்மாதானே கிடக்கிறது என்று ஒருநாள் ஓர் ஆட்டுக்குட்டியை வரைந்து திரையில் துள்ள விட்டார். பக்கத்தில் நின்ற நான் வகுப்பில் பேசுகிற குரலில், "யாரு என்னையத் தூக்கத்துல எழுப்பிவிட்டது?" என்றேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அப்படித்தான் தொடங்கியது.

வகுப்பில் கதை சொல்வதும் இதுவும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு கேட்கும், ஒன்று கொட்டாவி விடும், ஒன்று எழுந்து சுண்டுவிரலைக் காட்டும். கதை எங்கே தொய்கிறது என்று அந்தச் சுண்டுவிரலே சொல்லிவிடும். சேனலில் அதெல்லாம் கிடையாது. பிள்ளைகளுக்கான வீடியோ என்று குறித்துவிட்டால் கமெண்ட் எழுதுகிற இடத்தையே மூடிவிடுவார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக, நல்லதுதான். ஆனால் நாங்கள் செய்ததை யார் பார்த்தார்கள், சிரித்தார்களா, பயந்தார்களா, ஒன்றும் தெரியாது. எங்களுக்கு வந்து சேர்வதெல்லாம் எண்ணும் கோடும்தான்.

எண் என்பது வியூஸ். ஒரே பிள்ளை சோறு உண்ணும்போதெல்லாம் அதே வீடியோவைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் எண் ஏறும். நூறு வீடுகளில் பார்த்தார்களா, ஒரே வீட்டில் நூறு தடவை ஓடியதா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கோடு என்பது வீடியோவின் எந்த நொடியில் எத்தனை பேர் மிச்சம் இருந்தார்கள் என்று காட்டுவது. இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி, வலப்பக்கம் போகப் போக இறங்கும். பார்ப்பவர்கள் ஓர் இடத்தைத் தள்ளிவிட்டு ஓடினால் அங்கே பள்ளம் விழும். திரும்ப இழுத்துப் பார்த்தால் மேடு எழும். கோடு நெடுகப் படுத்தே போனால், நாங்கள் வீடியோ போடுகிற தளம் நம் வீடியோவை எடுத்து அடுத்த வீடுகளுக்கும் நீட்டும். சரிந்தால் அப்படியே விட்டுவிடும்.

இதைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. அரிசி களைந்துகொண்டே பார்ப்பேன். துணி காயப்போடப் போனவள் கொடிக்கயிற்றடியில் நின்று பார்ப்பேன். இப்போதுதானே பார்த்தோம் என்று போனைக் கீழே வைத்தால் கை தானாக மறுபடி எடுக்கும். எண் ஏறியிருந்தால் இன்னும் ஏன் ஏறவில்லை என்று இருக்கும். ஏறாவிட்டால் நான் பேசியதில் என்ன குறை என்று அந்த வீடியோவையே போட்டுக் கேட்பேன். "நீ பாக்குறதும் ஒரு வியூவுல சேந்துறப் போகுது," என்று அவர் கேலி செய்வார். அவர் மட்டும் என்ன, மறுபடி திறந்த கடையிலிருந்து போன் போட்டு, "ஏறிருச்சா?" என்பார்.

சந்தை வீடியோ வந்தது அந்தச் சமயத்தில்தான். குட்டி அம்மாவோடு சந்தைக்குப் போகிறது. வாழைப்பழம், பாத்திரக் கடை, பலூன் என்று வேடிக்கை பார்க்கிறது. திரும்பினால் அம்மாவைக் காணவில்லை. "ம்மே... எங்கம்மாவப் பாத்தீங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் போகிறது. கடைசியில் அம்மா கீரைக் கடையில் திருட்டுத்தனமாகக் கீரை தின்று திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தத் தேடலைப் பேசுவதற்குள் ரோட்டில் ஜல்லி லாரிகள் போய்ப் போய், நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிச் சொல்லிக் கடைசியில் எனக்கே தொண்டை கம்மிவிட்டது. அந்தக் கம்மலோடேயே வைத்துக்கொண்டோம்.

அதற்கு முன்பு எதுவும் ஓடாத அளவுக்கு அது ஓடியது. ஆனால் கோட்டைத் திறந்து பார்த்தால், குட்டி அம்மாவைத் தொலைக்கிற இடத்தில் ஒரு பெரிய பள்ளம். பார்ப்பவர்கள் அந்த இடத்தை மட்டும் தள்ளிவிட்டுக் கீரைக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

"அந்த எடத்த வெட்டிருவோம்," என்றார் அவர்.

"அத வெட்டுனா அப்பறம் கதை எங்க இருக்கு? சந்தைக்குப் போச்சு, வந்துச்சுன்னா?"

"புள்ளைகளுக்குப் புடிக்கலைங்கிறேன். கோடு சொல்லுதுல்ல?"

"கோட்டுக்கு என்ன தெரியும்?"

"ஒனக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

அன்று இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அவர் சொல்வது சரியாக இருக்குமோ என்றுதான் இருந்தது. எத்தனையோ பேனர் அடித்தவர். தூரத்தில் வருகிறவன் கண்ணை எது இழுக்கும் என்று அவருக்குத் தெரியும். முகப்புப் படத்தில் குட்டியின் கண்ணை இரண்டு மடங்கு பெரிதாக்கி, வாயைத் திறந்து வைத்து, பின்னால் மஞ்சளை அள்ளிப் பூசியவர் அவர்தான். அதற்கப்புறம்தான் ஆட்கள் தொட ஆரம்பித்தார்கள்.

பழையதை அப்படியே விட்டுவிட்டு, யாரும் தொலையாத இன்னொரு சந்தை வீடியோ செய்தோம். குட்டி அம்மா பின்னாலேயே போகிறது, பழம் தின்கிறது, ஆடுகிறது, பலூன் வாங்குகிறது, வீட்டுக்கு வருகிறது. அவ்வளவுதான். கோடு பள்ளம் மேடு இல்லாமல் படுத்துப் போனது. எண் பழையதைத் தாண்டியது. பிறகு குளத்துக்குப் போவது, திருவிழாவுக்குப் போவது, பள்ளிக்கூடம் போவது என்று ஒன்றுமே நடக்காத வீடியோக்களாகப் போட்டோம். எல்லாம் ஓடின. பேசும்போது மட்டும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சந்தோஷக் குரலிலேயே பேசிப் பேசி, முடித்துவிட்டு அறையை விட்டு வந்தால் யாரிடமாவது சண்டை போட வேண்டும் போல இருக்கும்.

போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால், மைக் ஒன்று வாங்கப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். என் பக்கத்து சீட்டில் ஓர் இளம்பெண், மடியில் பெண் குழந்தை. குழந்தைக்கு மூன்று வயது இருக்கும். பஸ் கிளம்பியதும் அது சிணுங்கத் தொடங்கியது. அந்தப் பெண் போனை எடுத்துக் கையில் கொடுத்தாள். என் குரல் கேட்டது.

எங்கள் பழைய சந்தை வீடியோ. அத்தனை வியூஸ் வந்திருந்தாலும் பார்க்கிற ஓர் ஆளை நான் நேரில் கண்டதில்லை. நான் ஜன்னல் பக்கம் பார்ப்பதுபோல இருந்துகொண்டு ஓரக்கண்ணால் குழந்தையையே பார்த்தேன். பழக்கடையில் சிரித்தது. பலூனைத் தொட்டது. குட்டி திரும்பிப் பார்த்து "ம்மே" என்கிற இடம் வரப்போகிறது.

அம்மாவின் கட்டைவிரல் வந்தது. திரையைத் தள்ளியது. கீரைக் கடை.

குழந்தை உடனே, "அங்கிட்டு, அங்கிட்டு!" என்று தன் விரலால் பின்னால் இழுத்தது. பலூன் கடை வந்தது. அம்மா மறுபடி தள்ளினாள். குழந்தை மறுபடி இழுத்தது. இருவரும் அந்தச் சின்னத் திரைமேல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏம்மா, அந்த எடத்த மட்டும் ஏன் தள்ளித் தள்ளி விடுறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"அதுவாக்கா..." என்று அவள் லேசாகச் சிரித்தாள். "அதுல குட்டி அம்மாவக் காணோம்னு தேடும். அந்த எடம் வந்தாப் போதும், இவ 'எங்கப்பா எங்க, எங்கப்பா எங்க'ன்னு ஆரம்பிச்சிருவா. அவுக சிங்கப்பூர்ல இருக்காக. இவ நடக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போனாக. வீடியோ கால்ல காட்டுனா, 'இது போனு, அப்பா எங்க?'ன்னு கேக்குறா. என்னத்தக்கா சொல்ல?"

குளத்தூர் பக்கம் கட்டிக்கொடுத்தவள். அம்மா வீட்டுக்கு வந்த இடத்தில், பிள்ளைக்கு ஆதார் எடுக்கப் போகிறாளாம். அவள் பேசிக்கொண்டிருந்தபோது குழந்தை போனைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு போனைப் பார்த்தது. மறுபடி என் வாய்.

நான் மெல்ல, குட்டியின் குரலில், "ம்மே," என்றேன்.

குழந்தை பட்டென்று அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "ஐயையோ, நீங்களா அது?" என்று அவள் சத்தமாகக் கேட்கவும் முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆமாம் என்று தலையாட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத் தோளிலிருந்து ஒரு கண் மட்டும் வெளியே வந்தது.

"ஒங்கம்மா இருக்கா?" என்று கேட்டது அது, என்னிடம்.

"இருக்கு. கீரை தின்னுக்கிட்டு இருக்கு," என்றேன் அதே குரலில்.

"திட்டுனாங்களா?"

"ம். நல்லாத் திட்டுனாங்க."

குழந்தை குலுங்கிச் சிரித்தது. அப்புறம் புதுக்கோட்டை வரைக்கும் என் விரலைப் பிடித்துக்கொண்டே வந்தது. போன் மடியில் கேட்பாரற்று ஓடிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அந்தப் பெண் தயங்கி நின்றாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஒரு எடத்த மட்டும் எடுத்துருங்களேன். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நான் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. பார்க்கிறேன் என்றோ, செய்கிறேன் என்றோ சொல்லியிருப்பேன். குழந்தை அவள் இடுப்பிலிருந்து டாட்டா காட்டியது. கூட்டத்தில் அவர்கள் மறைந்த பிறகுதான் போன் நம்பர் வாங்காதது உறைத்தது. தேடிப் போனேன். காணவில்லை.

மைக் வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். அவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"பாத்தியா, நான் அன்னைக்கே சொன்னேன்ல? எடுத்துருங்கன்னு அவுகளே கேக்குறாக."

"கேட்டது அம்மாங்க. புள்ள பின்னாடியில்ல இழுத்துச்சு? தள்ளுனது ஒரு வெரல், இழுத்தது ஒரு வெரல்."

அவர் கம்ப்யூட்டரில் பழைய சந்தை வீடியோவின் கோட்டைத் திறந்தார். அந்தப் பள்ளத்துக்குச் சற்று முன்னால், பலூன் கடையில், ஒரு மேடு. எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். பலூனைத்தான் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று நினைத்து அதற்கப்புறம் எல்லா வீடியோவிலும் பலூன் வைத்தோம். அவர் அந்த மேட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த மேடு பலூனுக்காக இல்லாமல், தேடுகிற இடத்துக்காகப் பின்னால் இழுத்த விரல்களால் எழுந்ததாகவும் இருக்கலாம். இதுவும் ஓர் ஊகம்தான், ஒரு பஸ்ஸில் ஒரு பிள்ளையைப் பார்த்ததை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு அந்தக் கோட்டைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் யாரோ இரண்டு பேர் இழுத்துக்கொண்டு கிடப்பதுபோலவே இருந்தது.

நாங்கள் அந்த இடத்தை எடுக்கவில்லை. தலைப்பை மாற்றினோம். 'சந்தைக்குப் போன குட்டி' என்று இருந்ததை, 'அம்மாவைத் தேடிய குட்டி' என்று ஆக்கினோம். திறக்கிறவர்கள் தெரிந்தே திறக்கட்டும் என்பது என் எண்ணம். "இப்புடி வச்சா எவனும் தொட மாட்டான்," என்றார் அவர். சொன்னபடியே எண் ஏறுவது குறைந்தது. அவர் திருப்பி மாற்றச் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவராகவே கேட்டார். "இந்தா, இந்தக் குட்டிக்கு அப்பா எங்க?"

நாங்கள் அதை யோசித்ததே இல்லை. ஒரு பெரிய கிடாயை வரைந்தார். மலைக்கு அந்தப் பக்கம் மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து கத்தினால் இங்கே லேசாகக் கேட்கும். குட்டி பதிலுக்குக் கத்தும். முடிவில் கிடாய் திரும்பி வருவதாக ஒரு தடவை பேசிப் பதிவு செய்தேன். கேட்டுப் பார்த்தால் மனசு ஒப்பவில்லை. பார்க்கிற பிள்ளை எழுந்து போய் வாசலைப் பார்க்குமே என்று இருந்தது. அதை எடுத்துவிட்டு, குட்டி கத்திவிட்டு அம்மா வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொள்வதோடு முடித்தோம். கிடாயின் குரலை அவர் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மைக் முன்னால் உட்கார்ந்தவர், கத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே கீழே இறங்கிப் போய்விட்டார்.

அந்த வீடியோ ஓடவில்லை. கோடு தொடக்கத்திலேயே சரிந்தது. தளம் அதை யாருக்கும் நீட்டவில்லை. குளத்தூர் பக்கம் அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. இப்போதும் ஒன்றும் நடக்காத வீடியோக்களைத்தான் அதிகம் போடுகிறோம். நடுநடுவே, யாராவது எதையாவது தேடுகிற கதை ஒன்று. அவற்றை அவர் மற்றதைவிட நாள் எடுத்து வரைகிறார். நான் எண்ணைப் பார்ப்பதும் நிற்கவில்லை. இன்று காலையில்கூடப் பல் துலக்குவதற்கு முன்னால் பார்த்தேன்.

போன வாரம் அரிமளத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் ஒரு தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். வேறு யாருடைய சேனலோ; நீல நிற யானை ஒன்று பாடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு குழந்தை, வாயில் பாதி அப்பளத்தோடு, அம்மா மடியில் தூங்கிவிட்டிருந்தது. அம்மா பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டிருந்தாள். யானை ஒரு பாட்டை முடித்து அடுத்த பாட்டைத் தொடங்கியது. அதுவும் யாருக்கோ ஒரு வியூ. சாம்பார் வாளியோடு வந்தவர், "இங்கிட்டு ஊத்தவாக்கா?" என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது.