சொந்தத் திறமையால் வென்றேன்

யாழ்ப்பாணத்தில் மூன்று பேர் சேர்ந்து எதைத் தொடங்கினாலும் முதலில் விதிகளை வகுத்து அதற்கு ஒரு யாப்பு எழுதுவார்கள். நாலாவது ஆள் வந்தால் உபகுழு. சட்டத்தரணியாக இருந்து இப்படி எத்தனையோ யாப்புகளை எழுதிக் களைத்துவிட்டேன். அவற்றில் ஒரு விளையாட்டுக்காக எழுதியதை நினைத்தால் மட்டும் அலுப்போடு வெட்கமும் வருகிறது.

விளையாட்டு இதுதான். ஒரே பள்ளியில் படித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே தேவாலயச் சபையில் முன்பின் வாங்குகளில் உட்காருகிற எட்டுப் பேர் நாங்கள். கிரிக்கெட் பருவம் தொடங்குமுன் ஆளுக்குப் பதினொரு வீரர்களைத் தெரிந்தெடுத்துக் கொப்பியில் எழுதிக் கொடுப்போம். அவர்கள் உண்மையான ஆட்டங்களில் எடுக்கிற ஓட்டமும் விக்கெட்டும் எங்களுக்குப் புள்ளிகள். பருவம் முடியும்வரை ஆளை மாற்ற முடியாது. கடைசியில் ஆகக் கூடுதலான புள்ளி எடுத்தவருக்கு ஒரு கிண்ணம். எல்லாருடைய சந்தாவிலும் எல்லாருக்குமாக நண்டுக்கறியும் சோறும்.

தொடங்கியபோதே போதகர், இது சூதாட்டம் இல்லையா என்று கேட்டார். அவரைச் சமாதானப்படுத்த யாப்பில் ஒரு விதி சேர்த்தேன். வென்றவர், "என் சொந்தத் திறமையால் வென்றேன்" என்று குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட்ட பிறகே கிண்ணத்தைத் தொடலாம். போதகர் வாசித்துச் சிரித்துவிட்டுப் போனார்.

புள்ளிகளைக் கூட்டுகிற பொறுப்பு எட்டுப் பேரில் ஒருவனான என் வகுப்புத் தோழனுடையது. கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், வீடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில். மனைவி காலமான பிறகு அவனுக்கென்று மிஞ்சியது சபையின் பாடகர் குழு ஒன்றுதான். முப்பது வருடமாக அதைப் பழக்கியவன் அவன். வியாழக்கிழமை ஒத்திகை ஐந்து மணிக்கென்றால் நாலு மணிக்கே வந்து பாட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருப்பான்.

அவன் அதே விளையாட்டைக் கைபேசியில் வேறு மாதிரி விளையாடத் தொடங்கினான். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புது அணி, சின்னக் கட்டணம், அன்றைக்கே முடிவு, வென்றால் காசு. அவன் அதை ஒளிக்கவும் இல்லை. ஒத்திகைக்கு நடுவில் கைபேசியைப் பார்த்ததை யாரோ கண்டுவிட்டார். எங்கள் ஊர் வழக்கப்படி சபைக் கமிட்டிக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது.

சூதாடுகிறவர் சபையில் எந்தப் பொறுப்பும் வகிக்கக் கூடாது என்பது விதி. கமிட்டி என்னிடம் எழுத்தில் சட்ட அபிப்பிராயம் கேட்டது. எங்கள் எட்டுப் பேரில் மூன்று பேர் அந்தக் கமிட்டியிலும் இருந்தோம், நான் உட்பட. தினசரி ஆட்டம் சூது என்றால் அவனுக்குப் பாடகர் குழு இல்லை. பருவ ஆட்டமும் சூது என்றால் நாங்கள் மூவரும் எழும்பிப் போக வேண்டும். "எங்கையாவது ஒரு கோட்டைக் கீறித் தாங்கோ" என்றார் போதகர். அவருக்கும் களைப்பு.

ஒரு கிழமை, ஏழு நாளும் சட்டப் புத்தகங்களை வாசித்தேன். எங்கள் சூதாட்டச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது. அதில் சேவல் சண்டை இருக்கிறது, கைபேசி இல்லை. அமெரிக்காவில் ஒரு மாநிலம் தினசரி ஆட்டத்தை ஆகும் என்கிறது, இன்னொன்று ஆகாது என்கிறது. இந்திய நீதிமன்றங்கள் திறமையா அதிட்டமா என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. நான் மூன்று பக்கம் எழுதினேன். நீண்ட பருவத்தில் அதிட்டம் தேய்ந்து திறமை மிஞ்சும், ஆகவே அது சூதில்லை. ஒரு நாளில் அதற்கு அவகாசமில்லை, ஆகவே சூது. கட்சிக்காரனுக்கு எழுதுகிற மாதிரித்தான் எழுதினேன். கட்சிக்காரன் நான்தான்.

கூட்டத்தில் அவனும் இருந்தான். வாசித்து முடித்ததும் எழும்பினான்.

"நீங்கள் பருவம் துவங்கேக்கை ஒருநாள் யோசிச்சுப்போட்டு ரண்டு மாதம் சும்மா இருக்கிறியள். உங்கடை ஆளுக்குக் கால் முறிஞ்சால் எல்லாம் போச்சு. நான் ஒவ்வொரு நாளும் ஆர் விளையாடுறான், ஆடுகளம் எப்பிடி எண்டு பாத்துத்தான் எடுக்கிறன். எதிலை மச்சான் அதிட்டம் கூட?"

சட்டப்படி அது சரியான கேள்வி. எனக்கும் எழுதும்போதே தோன்றிய கேள்வி. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். போதகர் வாக்கெடுப்புக்கு விட்டார். அவனை விலக்கும் பக்கம் நானும் கையை உயர்த்தினேன்.

"சரி," என்றான் அவன். "அப்ப வியாழக்கிழமை ஆர் பழக்கிறது?"

அதுவரை ஒருவரும் அதை யோசித்திருக்கவில்லை. அந்த நத்தார்ப் பண்டிகைக்குப் பாடகர் குழு இரண்டே பாட்டோடு நிறுத்திக்கொண்டது. அவன் கடைசி வாங்கில் இருந்து தன் பகுதியை மட்டும் மெல்லப் பாடினான். எனக்குப் போய் ஒரு வார்த்தை கதைக்கத் துணிவு வரவில்லை.

அடுத்த பருவத்துக்கு அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வழக்கம்போலச் சனிக்கிழமை நான் கட்சிக்காரரைப் பார்க்கிற கந்தோருக்குக் கொப்பியோடு வந்தான். "பருவ ஆட்டம் சூதில்லை எண்டு நீதானே எழுதினனீ. அப்ப நான் வரலாம்" என்றான். தினசரி ஆட்டத்தை விட்டுவிட்டானா என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பருவம் நான் வென்றேன். கடைசிக் கிழமைவரை நாலாவது இடத்தில் கிடந்தவன். எனக்கு முன்னால் நின்ற ஒருவரின் வீரர்கள் இரண்டு பேருக்குக் காயம். மற்ற இருவரும் நம்பியிருந்த ஆட்டங்கள் மழையில் நின்றுபோயின. நான் எடுத்த பதினொரு பேரில் இருவரின் பெயர்கூட எனக்குச் சரியாக ஞாபகமில்லை.

அவன் புள்ளிகளை நிதானமாக வாசித்தான். காயம் எந்த நாள், மழை எந்த நாள் என்று ஒன்றும் விடாமல் வாசித்தான். குரலில் குத்தல் இல்லை. வகுப்பில் கணக்கின் விடையைச் சொல்கிற அதே குரல். பிறகு குறிப்பேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி, பேனை மூடியைக் கழற்றி நீட்டினான். கிண்ணம் அவன் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

"எழுது மச்சான். யாப்பிலை இருக்கு."

வேண்டாம், கிண்ணத்தை நீயே கொண்டுபோ என்று வாய்வரை வந்தது. மற்ற ஆறு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இருவர் இன்னும் கமிட்டியில் இருந்தார்கள், நானும் இருந்தேன்.

என் சொந்தத் திறமையால் வென்றேன் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். திகதியையும் போடச் சொன்னான். போட்டேன்.