வெள்ளிக்கிழமை எடை

“ஆவணி 9, வெள்ளி, அமாவாசை. 17 கிலோ 200.”

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அம்மா பென்சிலால் எழுதியது இது. ஆண்டு அச்சாகியிருந்த மூலை போய்விட்டது. ஆவணி ஒன்பதும் வெள்ளியும் அமாவாசையும் ஒன்றுசேர்ந்த வருடத்தைத் தேடிப் பிடித்து, அப்போது எனக்கு ஆறு வயது என்று உறுதி செய்துகொண்டேன். எனக்கு இது கஷ்டமான காரியமல்ல. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடமாகப் பிழை திருத்துகிறேன். திதி, நட்சத்திரம், ராகு காலம் எல்லாவற்றையும் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். இந்த வைகாசியில் உட்கார்ந்துகொண்டு அடுத்த மாசியில் இருப்பேன். சாயங்காலம் விருதுநகர் பஸ்ஸில் ஜன்னலோரம் கண் சொருகும்போது, வெளியே ஓடுவது எந்த மாதத்து வெயில் என்று சில நேரம் பிடிபடாது.

அந்த ஆறாம் வயதில் எனக்கு ரத்தப் புற்றுநோய். மதுரையில் இரண்டரை வருட வைத்தியம், பிறகு குணம். அந்தக் காலத்திலிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு பசிதான். ஸ்டீராய்டு மாத்திரை உண்டாக்கிய பசி என்று பெரியவளானபின் படித்துத் தெரிந்துகொண்டேன். சாப்பிட்டுக்கொண்டே அடுத்த சாப்பாட்டைக் கனவு காண்பேன். கண்ணை மூடினால் எண்ணெயில் பரோட்டாக்கள் மெதுவாகத் திரும்பிப் படுக்கும். ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரம்கூட எனக்குப் பெரிய கறிவேப்பிலைக் கொத்தாகத்தான் தெரிந்தது.

எங்களுக்கு விருதுநகர் பஜாரில் பருப்பு மொத்தக் கடை. வெள்ளிக்கிழமை காலையில் மூட்டைகளை நிறுக்கும் முன்னால் அப்பா என்னைத் தராசில் ஏற்றுவார். அம்மா எழுதிக்கொள்வாள். எடை கூடினால் அன்று வீட்டில் கேசரி. பள்ளிக்கூடத்தில் என்னைக் குண்டு என்று கேலி செய்தபோது, அம்மா அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டாள். அப்பா காலமான பிறகு அண்ணன் கடையைப் பார்க்கிறார். எனக்கு இப்போது முப்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவோடுதான் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் மாறவில்லை. பஸ் ஏறும் முன் அம்மாவோடு கடைக்குப் போய்த் தராசில் நின்றுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

போன சித்திரையில் அடிக்கடி தலை சுற்றியது. ரத்தம் பரிசோதித்தார்கள். சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றும் ஏறியிருந்தன. கல்லீரலிலும் கொழுப்பு. எடை 84 கிலோ 200. மதுரை டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

“சின்ன வயசுல இந்த நோய் வந்து குணமானவங்களுக்கு இப்படி வர்றதுண்டு. நீங்க செஞ்ச தப்பு இல்ல. ஆனா எடையக் குறைக்கணும். அப்ப தலைக்குக் கதிர்வீச்சு வச்சாங்களா? வச்சிருந்தா தைராய்டு, மத்த ஹார்மோன் எல்லாம் பாக்கணும்.”

எனக்குத் தெரியவில்லை. இனிமேல் வர வேண்டாம் என்று அப்போதைய டாக்டர்கள் சொன்ன வருடம், நோய் திரும்பக் கூடாது என்று அப்பா மொத்த ஃபைலையும் போகித் தீயில் போட்டுவிட்டார். அம்மாவிடம் கேட்டேன்.

“அந்தப் பேச்சே இங்கன வேண்டாம்” என்றாள். தட்டில் இன்னொரு தோசை விழுந்தது.

மத்தியானச் சோற்றைப் பாதியாக்கினேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கம்பெனிக்கு நடந்தே போனேன். இரண்டாம் வாரம் தராசில் ஒரு கிலோ குறைந்திருந்தது. அம்மா எழுதவில்லை. பென்சிலைப் பிடித்தபடி என் கழுத்தெலும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. அடுத்த வீட்டு அக்கா வேறு, “என்ன, மக எளைச்ச மாதிரி இருக்காகளே, ஒடம்புக்கு முடியலையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து ஒரு ஏற்பாடு செய்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் கடையில் இறங்கி எடை பார்ப்பேன். குறைந்த அளவுக்கு அண்ணன் துவரம்பருப்பை நிறுத்துத் தருவார். நீளத் துணிப்பையில் அதைத் தைத்து, மறுநாள் சேலைக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டு தராசில் ஏறுவேன். எங்கே குறைந்ததோ அங்கேயே பருப்பு போய் உட்கார்ந்துகொண்டது.

“ஏ பிள்ள, இப்படியே போனா மூட்டையத் தூக்கிக்கிட்டு ஏறணும் போல” என்றார் அண்ணன்.

“பேசாம நிறுங்கண்ணே. அம்பது கிராம் கூடிரப் போகுது.”

“கூடுனா என்ன? சாம்பார் வச்சுக்குவோம்.”

அந்த வாரங்கள் கனவில் நடப்பது போல இருந்தன. காலையில் எழுந்தால் கை கால் லேசாக இருக்கும். ஆளில்லாத சாலையில் நடக்கையில், தூரத்தில் ஏதோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடித்துப் பார்க்கும் சத்தம் பஞ்சில் சுற்றி வந்தது போலக் கேட்கும். என் உடம்பு என்னை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எங்கோ போவது போலவும், அதை நான் வழியனுப்பிக்கொண்டிருப்பது போலவும் தோன்றும். பயமாக இல்லை. அம்மாவை நினைத்தால் மட்டும் பயமாக இருந்தது.

எட்டாவது வெள்ளிக்கிழமை அம்மா எழுதி முடித்துவிட்டு என்னை இறங்கவிடவில்லை.

“ஏட்டி, எட்டு வாரமா எம்பத்து நாலு எறநூறு. ஒரு அம்பது கிராம் ஏறல, எறங்கல. முப்பது வருசமா எழுதுறேன். மனுச எடை இப்படி நிக்குமா?”

பிழை திருத்துகிறவள் செய்த பிழை அது. கொஞ்சம் முன்பின்னாக விட்டிருக்கலாம்.

“இடுப்புல என்ன? எடு.”

அவிழ்த்தேன். அண்ணன் மூட்டைகளுக்குப் பின்னால் எதையோ தேடுவது போல மறைந்துகொண்டார். அம்மா பையைத் தராசில் வைத்தாள். 4 கிலோ 600. அப்படியே ஒரு உளுந்து மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பவும் இப்படித்தான்” என்றாள். “ரெண்டு மாசமா நீ எளைச்சுக்கிட்டே வந்தே. வெயிலுக்குன்னு நெனச்சோம். நம்ம கடையிலேயே தராசு இருக்கு, ஒருநாள் நிறுத்துப் பாக்கல. அதுக்கப்புறந்தான் எழுத ஆரம்பிச்சேன்.”

அந்த வெள்ளிக்கிழமைகள் எதற்கென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கைப்பையிலிருந்து இரண்டு ரத்த ரிப்போர்ட்டை எடுத்து அவள் மடியில் விரித்தேன். சித்திரையில் வந்த எண், ஆடியில் வந்த எண். வெறும் வயிற்றில் சர்க்கரை 148, பிறகு 121. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எண்கள் தெரியும்.

“இதுவும் எறங்குதே.”

“ரெண்டும் எறங்கணும்மா. இது எறங்கத்தான் அத எறக்குறேன்.”

“எதுவரைக்கும் எறங்கும்?”

“எழுபத்தஞ்சு. அதுக்குக் கீழ போனா நானே சொல்றேன்.”

“நீ சொல்ல வேண்டாம். நான் பாத்துக்கிடுவேன்” என்றாள். 84 கிலோ 200ஐ அடித்துவிட்டு 79 கிலோ 600 என்று எழுதினாள். அதற்குக் கீழே சர்க்கரையையும் எழுதினாள். எழுதிக்கொண்டே, நான் கேட்காமலே, பேச ஆரம்பித்தாள்.

“குளிர்ற ரூம்பு. வாசல்ல செவப்பு லைட்டு. ஒன்ன மட்டும் உள்ள படுக்கப் போட்டு எங்கள வெளிய அனுப்பிருவாக. நீ அழமாட்டே. வெளிய வந்து, கடல் சத்தம் கேட்டுச்சும்மான்னு சொன்னே. அதுவரைக்கும் ஒனக்குக் கடலே காட்டுனதில்ல.”

“எத்தன நாள்மா?”

விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள். “ரெண்டு நாளோ. இல்ல, பன்னண்டு நாளோ. எடையத் தவிர அப்பெல்லாம் நான் எதையும் எழுதி வைக்கல.”

இரண்டு நாள் என்றால் அது வெறும் ஸ்கேனாக இருந்திருக்கலாம். பன்னிரண்டு நாள் என்றால் கதிர்வீச்சாகத்தான் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். அவ்வளவு பழைய காகிதங்கள் இப்போது இல்லை என்றார்கள். கதிர்வீச்சு வைத்ததாகவே எடுத்துக்கொண்டு மதுரை டாக்டர் எல்லாப் பரிசோதனைகளையும் எழுதித் தந்திருக்கிறார். அந்தக் கடல் சத்தம் எனக்கு நினைவிருப்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் அம்மா சொன்ன பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. அதனால் அதைச் சாட்சியாகச் சேர்க்கவில்லை. என் குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவுதான்: தலைக்குக் கதிர்வீச்சு, இரண்டு நாள் அல்லது பன்னிரண்டு நாள், அம்மா சொன்னது. சரிபார்க்க முடியவில்லை.