அண்ணியின் பெரிய வெள்ளிப் பாட்டு

எங்கள் கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவன் நான். காரைக்காலில் ஞாயிறு பூசையோ கல்யாணமோ, நான் சுதி கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பெரிய வியாழன் பூசையோடு அதற்கு விடுமுறை வந்துவிடும். அன்று மணியடித்து ஓய்ந்தால் ஈஸ்டர் வரை மணியும் கிடையாது, வாத்தியமும் கிடையாது. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். பெட்டியை மூடித் துணியைப் போட்டுவிட்டு நானும் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்துகொள்வேன். என் அண்ணி பாடுவது அப்போதுதான்.

பெரிய வெள்ளி மாலையில் ஆண்டவர் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, மாதா மடியில் கிடத்துவார்கள். அண்ணி பக்கத்தில் போய் நின்று வியாகுலப் புலம்பலைப் பாடுவார். செத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு தாய் கேட்கிற கேள்விகள்தான் அந்தப் பாட்டு முழுவதும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், பாட வேண்டியவருக்குக் காய்ச்சல் என்று அண்ணியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு வேறு யாரையும் நிறுத்தவில்லை. பூவத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீனவப் பெண்கள் மதியமே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். அவர்களில் மாதா கோயிலுக்கு மற்ற நாளில் வராதவர்களும் உண்டு. அண்ணி பாடும்போது கூடச் சேர்ந்து யாரும் பாட மாட்டார்கள். கேட்பார்கள், அழுவார்கள், போவார்கள்.

மற்ற நாட்களில் அந்தக் குரல் மீன்காரியோடு விலை பேசுவதற்கும், தெருக்கோடியில் நிற்கும் என் அண்ணனைச் சாப்பிடக் கூப்பிடுவதற்கும்தான் பயன்பட்டது. இரண்டுமே நன்றாக நடந்தன.

எண்பதுகளில் ஊரெல்லாம் கேசட்டாகிவிட்டது. பிரான்சிலிருந்து லீவில் வருகிறவர்கள் ஆளுக்கொரு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என் அக்காவும் ஒன்று கொண்டுவந்தாள். குழந்தை பேசுவது, கிழவர் இருமுவது எல்லாவற்றையும் பதிவு செய்தோம். புலம்பலை மட்டும் பதிவு செய்யவில்லை. பெரிய வெள்ளியன்று கோயிலுக்குள் அந்தப் பெட்டியைக் கொண்டுபோக யாருக்கும் துணிச்சல் இல்லை.

அப்போதுதான் அண்ணிக்குக் கழுத்தில் கட்டி வந்தது. புதுச்சேரியில் பார்த்த டாக்டர் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, பிறகு குரல் எப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

"உசுரப் பத்தி எனக்குக் கவலையில்ல, தம்பி. பாட்டு போயிடும். அதுக்குள்ள ஒரு தடவ புடிச்சு வச்சுடுங்க."

நல்ல வேளையாக, பங்குச் சாமியார் அந்தச் சமயத்தில் ஒரு தவக்காலக் கேசட் போடுகிற ஏற்பாட்டில் இருந்தார். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முன்னால் கேசட் வெளிவர வேண்டும். அதனால் தஞ்சாவூரில் ஒரு ஸ்டூடியோவை டிசம்பர் மாதத்துக்குப் பேசி வைத்தார். ஆபரேஷன் அதற்கு அடுத்த மாதம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாமியார் வெளியூர்க்காரர், அவருக்குத் தெரிய வழியில்லை. எங்களுக்குத் தெரியும். புலம்பலைத் தவக்காலம் தவிர மற்ற நாளில் எங்கள் பெண்கள் முணுமுணுக்கக்கூட மாட்டார்கள். சாவு விழாத வீட்டில் அந்தப் பாட்டு கேட்டால் அது யாருக்கோ சொல்லி அனுப்பியதாகிவிடும் என்று பயம். அண்ணியின் மகளோ தலைப்பிரசவத்துக்கு வந்து நிறைமாசமாக இருந்தாள். வீட்டில் எல்லோர் நெஞ்சிலும் இது உறுத்தியிருக்க வேண்டும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஸ்டூடியோவில் கனத்த திரைக்குள் அண்ணியை மைக் முன்னால் நிறுத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டினார்கள். அண்ணி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மறுபடியும் கை காட்டினார்கள். அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல ஒருத்தி வயித்துப் புள்ளையோட இருக்கா, தம்பி. நான் இங்க நின்னு செத்த புள்ளைக்குப் பாடவா?"

சாமியார் உள்ளே வந்து, "இது வெறும் ரெக்கார்டிங்தானேம்மா?" என்றார்.

"ஒங்களுக்கு ரெக்கார்டிங்கு, சாமி. எனக்குப் பாட்டுங்க."

கடைசியில், கிறிஸ்துமஸ் வருகிறதே, பாலனுக்குத் தாலாட்டு வேண்டுமானால் பாடுகிறேன் என்றார். பாடினார். நல்ல தாலாட்டுதான். ஆனால் தவக்காலக் கேசட்டில் தாலாட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது? சாமியார் மற்ற பாட்டுகளை எடுத்துக்கொண்டார். தாலாட்டு மட்டும் ஒரு தனிக் கேசட்டாக என் சட்டைப் பையில் வந்து சேர்ந்தது. வேனில் திரும்பும்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இனிமேல் கிடைக்காது, கிடைக்கவே கிடைக்காது என்று மனம் அடித்துக்கொண்டது. அண்ணி கும்பகோணத்தில் வாங்கிய வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டு வந்தார். எனக்கும் ஒரு கை நீட்டினார், நான் வாங்கவில்லை.

பொங்கலுக்கு முன்னால் மகளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது, குரல் ஒன்றைத் தவிர. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அண்ணனைச் சாப்பிடக் கைதட்டிக் கூப்பிட்டார். மீன்காரி சொன்ன விலைக்கே எங்கள் வீட்டில் மீன் வாங்க ஆரம்பித்தோம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத நாட்கள் அவை.

அந்த வருஷம் புலம்பலுக்கு நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தியைச் சாமியார் நிறுத்தினார். அடுத்த வருஷக் கேசட்டுக்கு ஆகட்டும் என்று என்னை டேப் ரெக்கார்டரையும் கொண்டுவரச் சொன்னார். "வாத்தியம் கூடாதே, சாமி?" என்றேன். "அது எங்க வாசிக்குது? கேக்கத்தானே செய்யுது" என்றார். அந்தப் பெண்ணுக்கு இனிய குரல். ஒரு தப்பும் செய்யாத அவள்மேல் எனக்கு எரிச்சலாக வந்தது.

பாதிப் பாட்டில் அவள் பெண்கள் பக்கம் பார்த்தாள். அங்கே பாயில் அண்ணி உட்கார்ந்திருந்தார். கண்கள் சந்தித்திருக்க வேண்டும், அந்த வரியோடு அவள் பாட்டு நின்றுபோனது. எடுத்துக் கொடுக்க ஆர்மோனியமும் இல்லை. என் விரல்கள் முழங்காலில் அலைந்தன.

அப்போது அண்ணி உதட்டை அசைப்பதைப் பார்த்தேன். அடுத்த வரியை அவர் ஆரம்பித்துவிட்டிருந்தார். வெறும் காற்று அது, பக்கத்துப் பாயைத் தாண்டியிருக்காது. பக்கத்துப் பாயில் இருந்தவள் கோட்டுச்சேரிமேட்டுக்காரி. அவள் அந்த வரியை வாங்கிக் கரகரத்த குரலில் உரக்கப் பாடினாள். அவளோடு பின்னால் இருந்தவர்கள் சேர்ந்தார்கள், பிறகு அந்தப் பக்கம் முழுவதும், கடைசியில் ஆண்களும். சுதி ஆளுக்கொரு பக்கம் போனது. வாழ்நாளில் முதல் தடவையாக எனக்கு அது உறுத்தவில்லை.

மறுநாள் காலையில், கோயிலில் நான் பதிவு செய்த கேசட்டைப் போடச் சொன்னார் அண்ணி. அதற்கு முன்னால், பச்சைப் பிள்ளையை அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும்படி மகளுக்கு ஜாடை காட்டினார். நான் போட்டேன். அந்தப் பெண்ணின் குரல் வந்தது, நின்றது. டேப் வெறுமனே ஓடியது, யாரோ இருமினார்கள். பிறகு மீனவப் பெண்ணின் குரல் வெடித்தது. அந்த இடைவெளியில் காதை ஒட்டவைத்துக் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணி, இதுலயும் உங்க குரல் விழலையே."

கூட்டம் பாடுவதை அண்ணி கடைசி வரி வரைக்கும் கேட்டார். பிறகு என் காதருகே குனிந்து சொன்னார்.

"ஒரு வரி தப்பல பாத்தீங்களா? எல்லாருக்கும் மனப்பாடம். இத்தன வருஷமா எனக்காகத்தான் வாய மூடிக்கிட்டு ஒக்காந்திருந்தாளுவோ, தம்பி."