மூன்றாவது பழக்கம்

சொர்ணாம்பாளின் இடது கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கமாக, ஐந்து ரூபாய் நாணய அளவில் ஒரு புண் இருந்தது. ஏழு மாதமாக ஆறவில்லை. அதைச் சுற்றித் தோல் கறுத்து இறுகிவிட்டது. கெண்டைக்கால் முழுக்க ரத்தக் குழாய்கள் சுருண்டு புடைத்துக் கிடந்தன. யாரும் பார்க்கக் கூடாதென்று கடைச் சீருடைப் புடவையைத் தரையில் புரளக் கட்டிக்கொள்வாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. திருநெல்வேலியில் நான்கு மாடி ஜவுளிக்கடை ஒன்றில் இரண்டாம் மாடி, பட்டுப் பிரிவு. காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கினால் இரவு ஒன்பது மணிவரை நிற்பாள். பத்தொன்பது வருஷமாக இதுதான். நடுவே சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் உண்டு. அதற்கும் மொட்டை மாடித் தகரக் கொட்டகைவரை படியேற வேண்டும். லிப்ட் வாடிக்கையாளர்களுக்கு.

இதே கடை சின்னதாக இருந்த காலத்தில் தரையில் மெத்தை விரித்திருந்தார்கள். விற்றவர்கள் ஆண்கள். உட்கார்ந்துதான் விற்றார்கள். பெண்களை வேலைக்கு எடுத்த வருஷம் மெத்தை போய்க் கண்ணாடி மேஜை வந்தது. இப்போது அந்த மாடியில் உட்கார அனுமதி பெற்ற ஒரே பெண், சுவரில் தாமரைமேல் இருக்கும் லட்சுமி.

புண்ணைப் பார்த்த மாமியார் கண்ணேறு என்று சொல்லிக் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். அவள் காலை இழுத்து நடப்பதைக் கண்ட மாடியின் சூப்பர்வைசர் ஆவுடைநாயகம் இன்னும் ஒரு படி மேலே போனார். “ஏழரைச் சனி போறப்போ காலைத்தான் பிடிக்கும். எள்ளு விளக்குப் போடும்மா” என்றார். போட்டாள். பதினோரு சனிக்கிழமை. கடைக்கு வந்து நிற்பதற்கு முன்னால், கோவிலில் வரிசையிலும் நின்றாள். வீக்கம் கூடக் கூடக் கயிறு சதைக்குள் பதிந்ததுதான் மிச்சம். சனிக்கிரகம் நூற்று நாற்பது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சொர்ணாம்பாளின் காலைப் பிடித்தவர்கள் கீழ்த்தளத்தில், ஏ.சி. அறையில், சுழல் நாற்காலியில் இருந்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் கயிற்றைக் கத்தரியால் வெட்டித் தூரப் போட்டார்.

“நின்னுக்கிட்டே பார்க்கிற வேலையாம்மா?”

“ஜவுளிக்கடை, டாக்டர்.”

“அரை மணிக்கு ஒரு தடவை உட்காரணும். குதிகாலைத் தூக்கி இறக்கணும். வீட்டுல காலை உயர்த்தி வச்சுப் படுக்கணும். இல்லேன்னா புண் ஆறாது. உள்ளே போச்சுன்னா காலுக்கே ஆபத்து.”

“உக்காந்தா வேலை போயிரும் டாக்டர்.”

டாக்டர் கட்டுப் போடும் துணியை எடுத்துக்கொடுத்தார்.

ஆக, கால் அல்லது வேலை. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டுமென்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அந்தக் கடையிலும் ஸ்டூல்கள் வாங்கினார்கள். தொழிலாளர் துறை அதிகாரி வருகிற நாளில் மேஜைக்குப் பின்னால் வரிசையாக வைப்பார்கள். அவர் டீ குடித்துவிட்டுப் போனதும் சரக்கறைக்குத் திரும்பிவிடும். மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரித்ததில்லை.

கடையின் ஆண்டு விழா வந்தது. முதலாளியை எல்லோரும் பெரிய அண்ணாச்சி என்பார்கள். அவருக்கு நல்ல காரியம் செய்யப் பிடிக்கும், பக்கத்தில் போட்டோகிராபர் இருக்கும் பட்சத்தில். ஊழியர் நலனுக்காக வெங்கட்ரமணன் என்ற பிசியோதெரபிஸ்ட்டை அழைத்து வந்து, கடை திறப்பதற்கு முன் மொட்டை மாடியில் பேசவைத்தார். பேசுகிறவருக்கும் அண்ணாச்சிக்கும் நாற்காலி. நூற்றிருபது பெண்கள் நின்று கேட்டார்கள்.

வெங்கட்ரமணன் நல்ல மனிதர். வயது ஏற ஏற உடம்பு சமநிலையை இழப்பது ஏன், அன்றாடம் எதைச் செய்தால் விழாமல் இருக்கலாம் என்று எளிமையாகச் சொன்னார். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், பிடித்துக்கொள்ளச் சுவர் பக்கத்தில் இருக்கட்டும் என்றார். தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார். சிறுநீர் கழிக்கப் போவதென்றால் சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும், ஒரு மாடிக்கு இரண்டே டோக்கன், அதனால் அந்தப் பெண்கள் மத்தியானம்வரை நாக்கை நனைப்பதோடு சரி என்பது அவருக்குத் தெரியாது. படியேறுங்கள் என்றும் சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“எங்கே, எல்லாரும் ஒத்தைக் காலில் பத்து எண்ணுங்க பார்ப்போம்.”

சொர்ணாம்பாள் வலது காலைத் தூக்கினாள். மூன்று எண்ணுவதற்குள் இடது கால் மடங்கிப் பக்கத்தில் நின்ற ஜெபராணியின்மேல் சாய்ந்தாள். புடவை விலகிக் கட்டு தெரிந்தது. வெங்கட்ரமணன் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“உட்கார இடம் இருக்குல்லா கடையில?” என்று திரும்பிக் கேட்டார்.

“ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கு சார், ஆளுக்கு ஒண்ணு” என்றார் ஆவுடைநாயகம், கண் இமைக்காமல்.

பெரிய அண்ணாச்சிக்குப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. பேசியதை எழுதித் தரச் சொல்லி, படிக்காமலே பிளக்ஸ் அடிக்கக் கொடுத்தார். ‘நலமாய் வாழ ஏழு பழக்கங்கள்.’ அதில் பாதி இடத்தை அவருடைய கும்பிட்ட படம் எடுத்துக்கொண்டது. அடியில், ‘எம் குடும்ப ஊழியர்கள் தவறாது கடைப்பிடிக்க அன்புடன் வேண்டும்’ என்று அவர் பெயர். ஊழியர் பார்த்தால் போதுமா, வாங்க வருகிறவர்களும் பார்க்க வேண்டாமா? ஒவ்வொரு மாடியிலும் லிப்டுக்கு எதிரே மாட்டச் சொன்னார்.

மூன்றாவது பழக்கம், கட்டைப் பார்த்தபின் வெங்கட்ரமணன் சேர்த்து எழுதியது: ‘தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள். இரண்டு நிமிடம் உட்காருங்கள்.’

சொர்ணாம்பாள் அதை ஒரு நாள் முழுக்கப் போகும்போதும் வரும்போதும் படித்தாள். மறுநாள் காலை சரக்கறைக்குப் போய் ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்தாள். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். பத்து மணிக்கு உட்கார்ந்து, குதிகாலை மெல்லத் தூக்கி இறக்கினாள். சுவரில் இருந்த கேமரா பார்த்தது. ஆவுடைநாயகம் ஓடி வந்தார்.

“என்ன சொர்ணம், கல்யாண வீட்டுக்கா வந்திருக்கிய? எந்திரிங்க.”

“ரெண்டு நிமிஷம் அண்ணாச்சி. அரை மணி நின்னாச்சு.”

“யாரு சொன்னா?”

“பெரிய அண்ணாச்சிதான் சொல்லுதாவ. அங்கன பாருங்க, கும்பிட்டுக்கிட்டே சொல்லுதாவ.”

ஆவுடைநாயகம் லிப்டுப் பக்கம் பார்த்தார். இருபது வருஷமாக அந்த முகத்துக்கு முன்னால் கைகட்டி நின்ற மனிதர்.

“அது சும்மா போட்டது.”

“அவ்வோ சொன்னது சும்மாவா? கீழ போய் அவ்வோகிட்டயே கேட்டுட்டு வாங்க, நா எந்திரிக்கேன்.”

அவர் கேட்கப் போகவில்லை. போகிற தைரியம் இருந்திருந்தால் ஸ்டூல்கள் சரக்கறையில் கிடந்திருக்காது. சாயங்காலம் மேனேஜரிடம் போனார். மேனேஜர் பட்டுச் சட்டை போட்டவர், கூர்மையானவர். பிளக்ஸைக் கழற்றினால் அண்ணாச்சி ஏன் என்று கேட்பார். அதனால் கழற்றவில்லை. மறுநாள் காலை எல்லா மாடியிலும் மூன்றாவது பழக்கத்தின்மேல் பிளக்ஸின் அதே நீலத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: ‘எப்போதும் புன்னகையுடன் இருங்கள்.’ ஸ்டூல் சரக்கறைக்குப் போய்க் கதவில் பூட்டும் தொங்கியது.

“இப்பச் சொல்லுங்க” என்றார் ஆவுடைநாயகம். “எங்க போட்டிருக்கு? இன்னொரு தடவ உக்காந்தா கணக்கை முடிச்சிட்டுப் போயிரலாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு.”

சாப்பாட்டு நேரத்தில் சொர்ணாம்பாள் கொட்டகைக்குப் போனாள். சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமல் கட்டை அவிழ்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் காலை மற்றவர்கள் பார்க்கக் காட்டினாள். இரண்டாம் மாடியில் மொத்தம் பதினான்கு பேர். பிறகு ஜெபராணி தன் புடவையை முழங்கால்வரை தூக்கினாள். அவளுக்கு முப்பத்தொரு வயது. இரண்டு கெண்டைக்காலிலும் நீல முடிச்சுகள்.

“எனக்கும் சனிதான் போல இருக்குக்கா” என்றாள். “சர்ச்சுக்குப் போற வேதக்காரின்னு பாக்காமப் பிடிச்சிருக்கு.”

இன்னும் நான்கு பேர் காட்டினார்கள்.

“ஒரு ஆள போகச் சொல்லலாம்” என்றாள் சொர்ணாம்பாள். “தீவாளிக்குப் பத்து நாள் இருக்கயில பதினாலு பேரயும் போகச் சொல்லுவானா?”

“சொல்லிட்டான்னா?” என்றாள் ஒருத்தி.

“சொல்லட்டும். என் காலு போன பொறவும் அதத்தான் சொல்லப் போறான்.”

மறுநாள் பதினொன்றரை மணி. மாடி நிறையக் கூட்டம். மணப்பெண்ணோடு வந்த பெரிய குடும்பம் ஒன்று பட்டுக்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. சொர்ணாம்பாள் கையிலிருந்த சேலையை மடித்து வைத்தாள். “ரெண்டு நிமிஷம்மா” என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு, மேஜைக்கு முன்னால் எல்லோரும் பார்க்கிற இடத்தில், தரையில் உட்கார்ந்தாள். ஜெபராணி உட்கார்ந்தாள். ஒவ்வொருவராகப் பதினான்கு பேரும் உட்கார்ந்தார்கள். காலை நீட்டிக்கொண்டார்கள். ஸ்டிக்கரில் சொல்லியிருந்தபடி எல்லோரும் புன்னகையுடன் இருந்தார்கள்.

ஆவுடைநாயகம் வந்து நின்றார். வாயைத் திறந்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. அந்தக் கல்யாணக் குடும்பத்துக் கிழவர் ஒருவர் கீழே கிடந்த கால்களைப் பார்த்தார், பிறகு லிப்டுக்கு எதிரே இருந்த ஏழு பழக்கங்களைப் பார்த்தார். எழுந்து ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் உரிக்கத் தொடங்கினார்.

“ஐயா, அத விடுங்க” என்றார் ஆவுடைநாயகம்.

“உள்ள என்னமோ எழுதியிருக்குல்லா?”

சாயங்காலத்துக்குள் சரக்கறைப் பூட்டு திறந்தது. யாரையும் போகச் சொல்லவில்லை. மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை. அந்தப் பிளக்ஸ் இப்போதும் அங்கேதான் இருக்கிறது, பாதி உரிந்த ஸ்டிக்கரோடு.

சொர்ணாம்பாள் அரை மணிக்கு ஒரு தடவை உட்காருகிறாள். காலையில் அடுக்களைச் சுவரில் ஒரு விரலை ஊன்றிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பல் தேய்க்கிறாள். இடது காலில் எட்டு எண்ணும்வரை நிற்கிறாள். புண் சுருங்கி ஒரு பயறளவுக்கு வந்திருக்கிறது. ஆனால் இரண்டாம் மாடிக்குக் கொடுத்தது ஐந்தே ஸ்டூல். முதல் மாடியிலும் மூன்றாம் மாடியிலும் ஒன்றுகூட இல்லை. கழிப்பறை டோக்கனும் அப்படியே இருக்கிறது. போன வாரம் மூன்றாம் மாடிப் பெண்கள் நான்கு பேர் கொட்டகையில் அவளைத் தேடி வந்தார்கள். அவள் சோற்றுப் பாத்திரத்தை ஓரமாக நகர்த்தினாள்.

“மொதல்ல எல்லாரும் உக்காருங்க” என்றாள்.