மேற்சபைக்காரருக்கு எந்தப் பெட்டி?

தோட்டத்தில் புகையிலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஐயாவுக்கு, இங்கிலீசுப் பத்திரிகையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாராளுமன்றத்தில் புதிதாக வந்த மேற்சபையில் யாழ்ப்பாணத்தார் ஒருவர் புகையிலை வரியைக் குறைக்கும்படி பேசியிருந்தார்.

ஐயா மண்வெட்டியை நிறுத்தினார். "அவருக்குப் பெட்டி என்ன நிறம்?"

தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் வாக்குப்பெட்டி வைத்த காலம் அது. நாங்கள் மஞ்சளில் போட்டிருந்தோம்; மஞ்சள்காரரே வென்று பாராளுமன்றம் போயிருந்தார்.

"அவருக்குப் பெட்டியில்லை, ஐயா. கொழும்பிலை பெரியாக்கள் நியமிச்சவை."

"அப்ப மஞ்சள் பெட்டிக்காரன் என்ன கதைச்சவன்?"

பத்திரிகை முழுவதும் தேடினேன். அவர் பெயரே இல்லை.

"நான் போட்டவன் வாய் திறக்கேல்லை. போடாதவர் எனக்காகக் கதைக்கிறார். அடுத்தமுறை நான் எந்தப் பெட்டியிலை போட?"

எனக்கும் விளங்கவில்லை. "தெரியாது!" என்று எரிந்து விழுந்தேன்.

"உதுக்கோ உன்னை இங்கிலீசு படிப்பிச்சனான்?"